படகுக்குப் படுதா தைத்தவள்

"தைக்கிற ஆளு எங்கம்மா?"

ராஜபாளையத்தில் தென்காசி சாலையோரம், லாரிப் பட்டறைகளுக்கு நடுவே இருந்த அந்தக் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்டார்கள். செல்லக்கனி மிஷினிலிருந்து காலை எடுக்காமலே, "நான்தான். என்ன தைக்கணும்?" என்பாள். கேட்டவர் அவள் தோளுக்கு மேலே ஒருமுறை எட்டிப் பார்ப்பார். உள்ளே வேறு யாரோ உண்மையான தையல்காரர் இருக்கிறார், இவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பார் போல.

1988 வைகாசியில் வந்த சௌந்தரபாண்டியனும் எட்டிப் பார்த்தார்.

உள்ளே யாரும் இல்லை. வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவள் கணவன் ரத்தினம்தான் ஒரு காலத்தில் அந்தக் கடையின் தையல்காரன். ஜீப்புக்கு ஹூட், லாரிக்குத் தார்ப்பாய், வேனுக்குப் பக்கப் படுதா என்று பெயர் வாங்கியவன். நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு லாரியின் பின்கதவு கழன்று விழுந்து அவனுடைய வலது கையின் மூன்று விரல்களை நசுக்கிவிட்டது. அதுவரை வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த செல்லக்கனி, இரண்டு மடிப்புக் கித்தான் துணியை ஊசிக்கு அடியில் தள்ளப் பழகினாள். முதல் ஆறு மாதம் அவளுடைய உள்ளங்கை தோல் உரிந்துகொண்டே இருந்தது. அப்புறம் காய்த்துப்போனது.

மம்சாபுரத்தில் பிறந்த அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குணம். யார் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டாள். கித்தான் விற்க வருகிறவன் "இது மிலிட்டரி சரக்கு" என்றால், ஒரு முனையை நனைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். நூல்கண்டிலிருந்து ஒரு முழம் இழுத்துப் பல்லில் கடித்து, கொளுத்தி, சாம்பலை விரலில் தேய்த்துப் பார்ப்பாள். ரத்தினத்துக்கு இது பிடிக்காது. "வாரவன் முகத்துக்கு நேரா இப்படியா சந்தேகப்படுறது?" என்பான். "முதுகுக்குப் பின்னால படுறதுக்கு இது மேல்" என்பாள்.

சௌந்தரபாண்டியன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடியில் இருக்கும் அணையில், வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக்காட்ட ஒரு மோட்டார் படகு ஓட்ட அனுமதி வாங்கியிருந்தார். பன்னிரண்டு பேர் உட்காரலாம். மேலே இரும்புக் குழாயில் கூரை. பக்கங்கள் திறந்தபடி கிடந்தன. மலைக்காற்று அடித்தால் தண்ணீர் தெறித்து எல்லாரும் நனைந்துவிடுகிறார்கள், சுற்றிலும் படுதா வேண்டும் என்றார். ஒரு தாளில் அளவுகளை எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

செல்லக்கனி தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நானே வந்து அளந்துக்கிடுதேன் சார்."

"மிலிட்டரியில பாலமே கட்டியிருக்கேம்மா. எனக்கு இஞ்ச் டேப் பிடிக்கத் தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா சேரலைன்னா திட்டு வாங்கப் போறது நான்தானே."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வரச் சொன்னார்.

அணைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பஸ், வத்திராயிருப்பில் ஒரு பஸ் மாறி, கடைசியில் நடக்கவும் வேண்டும். படகு துறையில் கட்டிக் கிடந்தது. அதை ஓட்டுகிறவர், கழுவுகிறவர், காவல் காக்கிறவர் எல்லாமே மலைச்சாமி என்கிற ஐம்பது வயதுக்காரர். மகாராஜபுரத்து ஆள். அதிகம் பேசமாட்டார். முன்பக்கம் அவர் உட்கார்ந்து ஓட்டும் இடம். அதற்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு, அதில் கை அகலக் கண்ணாடி. ஆட்கள் பின்பக்கமாக ஏறி, தடுப்புக்குப் பின்னால் இரண்டு வரிசையில் எதிரெதிரே உட்கார வேண்டும்.

ஆடுகிற பொருளை அளப்பது செல்லக்கனிக்குப் புதிது. டேப்பைப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒரு இஞ்ச் மாறியது. குழாய்கள் நேராகவும் இல்லை. இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் இரண்டரை இஞ்ச் நீளம். சௌந்தரபாண்டியனின் தாளில் இரண்டும் ஒன்று என்று இருந்தது. அவள் கொண்டுபோயிருந்த பழைய வேட்டிகளைக் குழாயில் கட்டித் தொங்கவிட்டு, அப்படியே கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டாள். கித்தான் நனைந்து காயும்போது சுருங்கும் என்பதற்காக அளவுக்கு மேல் விட்டு வெட்டினாள். பச்சைக் கித்தானில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு படுதாக்கள், பின்பக்கத்துக்கு ஒன்று. நடுவில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஜன்னல். தையல் ஓடிய இடமெல்லாம் வெளிப்பக்கம் மெழுகு தேய்த்தாள். கீழ் விளிம்பில் பித்தளை வளையங்கள் அடித்து, படகின் வெளிப்பக்கப் பலகையில் திருகு பட்டன்களைப் பொருத்தினாள். ஜீப் படுதாவுக்குப் போடுவதுபோலத்தான். வளையத்தைப் பட்டனில் மாட்டி ஒரு திருகு திருகினால் காற்று எவ்வளவு அடித்தாலும் கழலாது.

மாட்டி முடித்தபோது ஒரு சுருக்கம்கூட இல்லை. சௌந்தரபாண்டியன் படகைச் சுற்றி வந்து ஒவ்வொரு பட்டனையும் இழுத்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததே அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்த மாதிரி இருந்தது.

"எம்புட்டு நாள் தாங்கும்?"

"நனைஞ்சதைச் சுருட்டி வைக்காம இருந்தா மூணு வருஷம் சார். வெறுந் தண்ணியில கழுவணும், சோப்பு போடக்கூடாது. காஞ்ச பொறவுதான் சுருட்டணும்." மலைச்சாமியிடமும் அதையே சொன்னாள். அவர் தலையாட்டினார்.

ஆடி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வத்திராயிருப்பிலிருந்து தேங்காய் ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவரிடம் சொல்லியனுப்பியிருந்தார் சௌந்தரபாண்டியன். படுதா கிழிந்துவிட்டது, உடனே வரவும்.

இடப்பக்கக் கடைசிப் படுதாவில், ஜன்னலுக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்குத் துணி விட்டுப்போயிருந்தது. செல்லக்கனி துணிப் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு உறுத்தியது. தானாகக் கிழிகிற துணியில் நூல்கள் நெட்டையும் குட்டையுமாக இழுபட்டு நிற்கும். இதில் எல்லா நூல்களும் ஒரே மட்டத்தில் முடிந்திருந்தன.

மூன்று வாரத்தில் மறுபடி ஆள் வந்தது. இந்த முறை இரண்டு பக்கமும். இடப்பக்கம் அதே கடைசிப் படுதா, வலப்பக்கமும் கடைசிப் படுதா. இரண்டும் ஜன்னலுக்குக் கீழே, ஒரே உயரத்தில்.

சௌந்தரபாண்டியன் துறையிலேயே நின்றிருந்தார்.

"ஏம்மா, நான் ஒன்னு கேட்டா தப்பா எடுத்துக்கிடக் கூடாது. திரும்பத் திரும்பக் கூப்பிடணும்னே அந்த இடத்துல மட்டும் லேசாத் தைக்கிறியோ?"

செல்லக்கனி கிழிசலை விரித்துக் காட்டினாள். "தையல் விடலை சார். துணியைப் பாருங்க. இது பிளேடு போட்டது."

"யாரு போடுவா? படகுக்கிட்ட நானும் மலைச்சாமியும்தான் வாரோம். பொறவு நீ வார."

மலைச்சாமி கொஞ்சம் தள்ளிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. செல்லக்கனி வெட்டின விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். வெளிப்பக்கம் தேய்த்திருந்த மெழுகு உள்ளேயிருந்து வெளியே தள்ளப்பட்டுச் செதில் செதிலாக நின்றது. படகுக்குள் உட்கார்ந்துகொண்டு வெட்டியிருக்கிறார்கள். அவள் மலைச்சாமியின் இடுப்பைப் பார்த்தாள். கயிறு அறுக்கிற சின்னக் கத்தி ஒன்று அங்கே செருகியிருந்தது.

ஆனால் ஏன்? முதலாளி மேல் கோபமா? தன்மேல் பழி போட நினைக்கிறாரா? இந்த மனிதருக்குத் தான் என்ன கெடுதல் செய்தோம் என்று யோசித்து யோசித்து அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. படுதாக்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் வேறொரு சந்தேகம் காத்திருந்தது. அவளுடைய பர்ஸில் பஸ் டிக்கெட்டுகளை எப்போதும் நான்காக மடித்து வைப்பாள். அன்று காலை கிளம்பும்போது எடுத்துப் பார்த்தால், பழைய டிக்கெட்டுகள் பிரிக்கப்பட்டு இரண்டாக மட்டும் மடிந்திருந்தன. ரத்தினம் பார்த்திருக்கிறான்.

அவள் கேட்கவில்லை. அவனாகவே சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"லாரிக்காரன் தார்ப்பாய் கிழிஞ்சா கடைக்குக் கொண்டுட்டு வாரான். இந்தப் படகுக்கு மட்டும் நீ போக வேண்டியிருக்கு. ரெண்டு மாசத்துல நாலு தடவை."

"படகைத் தூக்கிட்டு வர முடியாதுங்க."

"அதுக்கில்லை."

"எதுக்குன்னு சொல்லிருங்க."

அவன் நசுங்கின கையைத் தொடைக்கு அடியில் மறைத்துக்கொண்டான். கடையில் யாராவது தைப்பதை நின்று பார்க்கும்போதும் அவன் அப்படித்தான் செய்வான். செல்லக்கனிக்குக் கோபத்தைவிடக் களைப்புதான் வந்தது. சௌந்தரபாண்டியன் சந்தேகப்பட்டதை வேலையால் மாற்றிவிடலாம். இதை எந்த ஊசியால் தைப்பது?

படுதாக்களைத் தைத்து முடித்த மறுநாள் காலையில் சொன்னாள். "மாட்டுறதுக்கு இன்னைக்குப் போறேன். நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு?"

"படுதாவைப் பிடிக்க ஒரு கை வேணும். நல்லா இருக்கிற கையைக் கொண்டுட்டு வாங்க, போதும்."

இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் புதன்கிழமை பகல் பதினோரு மணிக்குப் போய் நின்றார்கள். சௌந்தரபாண்டியன் இல்லை. மலைச்சாமி மட்டும் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் அவருடைய கை ஒரு நிமிடம் நின்று, மறுபடி ஓடியது. மலையிலிருந்து காற்று இரைச்சலோடு இறங்கிக்கொண்டிருந்தது. ரத்தினம் இடது கையால் படுதாவின் முனையைப் பிடிக்க, செல்லக்கனி குழாயில் கயிற்றைக் கட்டினாள். ரத்தினம் ஒவ்வொரு நிமிடமும் மலைச்சாமியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். மலைச்சாமி அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மலைச்சாமிதான் கேட்டார். "கை எப்படி ஆச்சு தம்பி?"

யாரும் கேட்டால் ரத்தினத்துக்குப் பிடிக்காது. அன்று என்னவோ பதில் சொன்னான். "லாரிக் கதவு. கொக்கி தேஞ்சிருக்குன்னு நான் அந்த டிரைவர்கிட்ட மூணு நாளா சொன்னேன். பழைய வண்டி அப்படித்தான் இருக்கும், உன் வேலையைப் பாருன்னான். நாலாம் நாள் விழுந்திருச்சு."

மலைச்சாமி கையிலிருந்த துணியைப் பலகையில் வைத்தார்.

"நானும் சொன்னேன்" என்றார். "நானும் மூணு தடவை சொன்னேன்."

செல்லக்கனி கீழே இறங்கி வந்தாள். "என்ன சொன்னீங்கண்ணே?"

அப்புறம் அவர் நிறுத்தாமல் பேசினார். ஆனி கடைசி ஞாயிற்றுக்கிழமை. மம்சாபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், பெண்களும் பிள்ளைகளுமாகப் பத்துப் பேர். காற்று அதிகம், அதனால் முதலாளி எல்லாப் படுதாவையும் இறக்கி மூடச் சொன்னார். அணையின் நடுவில் படகைத் திருப்பும்போது காற்று பக்கவாட்டில் விழுந்தது. மூடின படுதா பாய்மரம்போல உப்பி, படகை அப்படியே சாய்த்துவிட்டது.

"உள்ள இருந்தவுக எல்லாரும் ஒரு பக்கமாச் சரிஞ்சிட்டாக தாயி. தண்ணி பலகை விளிம்புக்கு வந்திருச்சு. நான் கண்ணாடி வழியாத் திரும்பிப் பாக்கேன், அம்புட்டுக் கையும் படுதாவை அடிக்குது. திறக்க முடியலை. பட்டன் வெளியில இருக்குல்ல. நான் ஸ்டியரிங்கை விட்டா படகு போயிரும். எப்படியோ காத்துக்கு நேரா படகு மூஞ்சியைத் திருப்பிட்டேன், நிமிந்திருச்சு. கரைக்கு வந்து அவுக சிரிச்சாக, தாயி. வேடிக்கைன்னு நினைச்சுக்கிட்டாக. எனக்குச் சோறு இறங்கலை."

"முதலாளிகிட்ட?"

"பயமா இருந்தா சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டப் போன்னுட்டார். பிள்ளைகளை ஏத்துறது நான். ஒண்ணு ஆச்சுன்னா யாரு முகத்துல முழிப்பேன்? அதான் பின்சீட்டுக்கிட்ட ரெண்டு பக்கமும் கத்தி போட்டு வச்சேன். கையை விட்டு இழுத்தா கிழிஞ்சிரும், வெளிய வந்திரலாம். உன்மேல பழி வரும்னு நினைக்கலை. வந்த பொறவு சொல்லப் பயமாயிருச்சு."

செல்லக்கனி துறைப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதமாக அவள் நூலைச் சந்தேகப்பட்டாள், துணியைச் சந்தேகப்பட்டாள், இந்த மனிதரைச் சந்தேகப்பட்டாள். பட்டனை மட்டும் சந்தேகப்படவில்லை. அதைப் பொருத்தியது அவளுடைய கை. ஜீப்பில் இருப்பவன் கதவைத் திறந்துகொண்டு குதித்துவிடுவான். படகில் எங்கே குதிப்பான் என்று அவள் யோசிக்கவே இல்லை. கீழே தண்ணீர் பலகையில் மோதிக்கொண்டிருந்தது. பத்துப் பேர் என்று அவள் மனசு எண்ணிக்கொண்டே இருந்தது. அவளுடைய சொந்த ஊர்க்காரர்கள்.

அன்று மாலையே ஸ்ரீவில்லிபுத்தூரில் சௌந்தரபாண்டியன் வீட்டுக்குப் போனார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மலைச்சாமிதான் வெட்டினான், அது உனக்கும் தெரியும்" என்றார். "நீயும் அவனும் எத்தனை நாளாப் பேசி வச்சிருக்கீங்க?"

ரத்தினம் முதன்முறையாக வாயைத் திறந்தான். "சார், இன்னைக்குத்தான் தெரியும். நான் கூட இருந்தேன்." அதைச் சொல்லும்போது அவன் செல்லக்கனியைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு அணைக்கு வாங்க சார்" என்றாள் அவள். "நீங்க உள்ள உக்காருங்க. நான் வெளிய பட்டன் போடுதேன். நீங்களா திறந்துட்டு வந்துட்டா, கிழிசல் எல்லாம் என் தப்புன்னு ஒத்துக்கிடுதேன்."

மறுநாள் படகைத் துறையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் கட்டி நிறுத்தினார்கள். சௌந்தரபாண்டியன் மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். செல்லக்கனி தண்ணீரில் இறங்கி, சுற்றிவந்து ஒவ்வொரு பட்டனாகத் திருகினாள். முதலில் தள்ளுகிற சத்தம் கேட்டது. அப்புறம் உதைக்கிற சத்தம். ஜன்னல் பிளாஸ்டிக்கில் அவருடைய உள்ளங்கை தட்டையாக அமுங்கித் தெரிந்தது. படகு ஆடியது. பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மலைச்சாமி பயந்து பட்டனைத் திறக்கப் போனார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"திற."

வெளியே வந்தவருடைய சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கரையில் போய் வேறு பக்கம் பார்த்து நின்றார். திரும்பாமலே, "என்ன செய்யணும்?" என்றார்.

வழி சொன்னது ரத்தினம். ராணுவக் கூடாரங்கள் ஏலத்தில் வந்தபோது அவன் சிலவற்றைச் சரிசெய்திருந்தான். அவற்றில் பட்டன் இருக்காது. வளையத்தின் வழியாக ஒரு கயிற்றுக் கண்ணியை இழுத்து, அதற்குள் அடுத்த கண்ணியை நுழைத்து, அதற்குள் அடுத்ததை என்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போய், கடைசிக் கண்ணியில் ஒரு மரக்குச்சியைச் செருகியிருப்பார்கள். குச்சியை உருவினால் வரிசை முழுவதும் சரசரவென்று கழன்றுவிடும். அதை உள்பக்கமாக வைத்தால் போதும் என்றான். சௌந்தரபாண்டியன் அவனைத் திரும்பிப் பார்த்தார். "டென்ட் கட்டு" என்றார் மெதுவாக. "எத்தனை ஆயிரம் தடவை கட்டியிருப்பேன்."

"இன்னொன்னு சார்" என்றாள் செல்லக்கனி. "காத்து அடிச்சா ரெண்டு பக்கமும் சுருட்டிருங்க. நனைஞ்சா நனையட்டும். மலைச்சாமி அண்ணனை வேலையை விட்டு எடுத்தீங்கன்னா, நான் இதைத் தொட மாட்டேன்."

"வெட்டினவன் அவன்."

"வெட்டினதாலதானே சார் தெரிஞ்சுது."

 அவர் மலைச்சாமியை வேலையை விட்டு எடுக்கவில்லை.

கண்ணி கோக்கும் வேலையை ரத்தினம் செய்தான். இடது கையால், பல்லைத் துணைக்கு வைத்துக்கொண்டு. மூன்று நாள் ஆயிற்று. கடைசிக் குச்சிகளுக்குச் செல்லக்கனி சிவப்புத் துணி சுற்றினாள். திரும்பி வரும் பஸ்ஸில் அவளுடைய பர்ஸைக் கேட்டு வாங்கி, இரண்டு டிக்கெட்டுகளையும் அவனே நான்காக மடித்து உள்ளே வைத்தான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் அவன் முழுக்க மாறிவிட்டான் என்று சொல்ல முடியாது. வேறு ஏதாவது வேலைக்கு வெளியூர் போனால் எத்தனை மணிக்குக் கிளம்பினாய் என்று கேட்பான். ஆனால் கடையில் கயிறு கட்டும் வேலை எல்லாம் அவனுடையது ஆயிற்று. நசுங்கின கையை மறைப்பதை எப்போது விட்டான் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

படகு ஐந்து வருடம் ஓடியது. வருடம் இரண்டு முறை செல்லக்கனி போய் மெழுகு தேய்த்து, வெயிலில் இற்றுப்போன தையலைப் பிரித்து மறுபடி ஓட்டிவிட்டு வருவாள். 1990 ஆடியில் ஒரு நாள் திடீரென்று காற்று பக்கவாட்டில் விழுந்தபோது, மலைச்சாமி கத்தியதைக் கேட்டு யாரோ ஒரு அம்மாள் சிவப்புக் குச்சியை உருவியிருக்கிறாள். ஒரு பக்கம் முழுவதும் பறந்து கூரைமேல் போய் விழுந்தது. படகு சாயாமல் நின்றது. உள்ளே இருந்தவர்கள் தலைமுதல் கால்வரை நனைந்து, கரைக்கு வந்து சௌந்தரபாண்டியனைத் திட்டினார்கள். அவர் செல்லக்கனிக்கு ஒரு கார்டு போட்டார். குச்சி லேசாக இழுத்தாலே வந்துவிடுகிறது, கவனிக்கவும் என்று.

1993-இல் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. படகு விற்றுப்போயிற்று. மலைச்சாமி மகாராஜபுரத்தில் தென்னந்தோப்புக் காவலுக்குப் போனார். செல்லக்கனி பள்ளிக்கூட வேன்களுக்குப் படுதா தைக்க ஆரம்பித்திருந்தாள். வெளியே கட்டுகிற படுதா வேண்டும் என்று யார் வந்தாலும், உள்ளே பிள்ளைகள் உட்காரப்போகிறார்கள் என்றால் தைக்க மறுத்துவிடுவாள். இதனால் சில ஆட்கள் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்றாள்.

அந்த வருடக் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வேன் முதலாளி வந்தார். சௌந்தரபாண்டியன் அனுப்பியதாகச் சொன்னார்.

"அவிய என்ன சொல்லி அனுப்புனாக?" என்று செல்லக்கனி கேட்டாள்.

வந்தவர் கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பொம்பளை மாதிரி தைக்க இந்தப் பக்கத்துல ஆள் கிடையாதுன்னார். ஆனா பக்கத்துலயே நின்னு பாத்துக்கோ, அவ எதையோ நம்மகிட்ட மறைக்கிறா, என்னன்னுதான் எனக்குப் பிடிபடலைன்னார்."

ரத்தினம் வாசலில் சத்தமாகச் சிரித்தான். செல்லக்கனி இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வேனை அளக்கப் போனாள்.